உடைந்த படகருகே

பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன. கடற்கரையில் ஒரு குடும்பம்கூட இல்லை. சவாரிக் குதிரை ராணியை விற்றுவிட்ட செய்யது, வாங்கிய வியாபாரியின் வண்டிவரை கடிவாளத்தைப் பிடித்தபடி கூடவே நடந்தார். உடைந்த படகருகே ராணி தானாக நின்று கழுத்தை நிமிர்த்தியது.

“என்ன பாய், இழுத்தாலும் வரமாட்டேங்குது?”

“இங்க படம் எடுத்தாத்தான் நகரும். பன்னெண்டு வருசப் பழக்கம்.”

வியாபாரி சிரித்துக்கொண்டே செல்போனைத் தூக்கினார். செய்யது வழக்கம்போலப் படத்தில் விழாமல் ஒதுங்கினார். எல்லாக் கோடையிலும் எல்லோரும் அவரைத் தள்ளி நிற்கத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

“எங்க போறீங்க? பக்கத்துல நில்லுங்க பாய்.”

செய்யது சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ராணியின் கழுத்தில் கைவைத்து நின்றார்.

“எடுத்தாச்சு.”

ராணி நடக்கத் தொடங்கியது. செய்யது அப்படியே நின்றார்.