யாழிசைக்கு இன்றைய சொல்

ஏழாம் வகுப்பு யாழிசைக்குப் பள்ளிக்கூடத்தில் மாட்டிவிட்ட கம்மல் தினம் ஓர் ஆங்கிலச் சொல் சொல்லும். அந்தச் சொல்லின் பொருள் வீட்டில் நிஜமாக நடந்தால்தான் மனசில் தங்கும். இல்லையென்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு மறந்தே போகும், மார்க்கும் போகும், பாவம் பிள்ளைக்கு. இன்றைக்கு வந்தது ‘ரெகன்சிலியேஷன்’. சண்டைக்காரர்கள் ராசியாவது!

இந்த வீட்டுக் கிரகப்பிரவேசப் பந்தியில் பெரியம்மா இலைக்குப் பாயசம் வராததிலிருந்து அம்மாவோடு பேச்சில்லை; மூன்று வருஷம். ஐந்தே முக்காலுக்குப் பெரியம்மாவை இழுத்துக்கொண்டே வந்துவிட்டாள் யாழிசை.

“பிள்ளை மார்க்குக்காக வந்தேன்டி,” என்றாள் பெரியம்மா.

“நானும் மார்க்குக்காகத்தான்க்கா பாயசம் வச்சேன்,” என்ற அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கட்டிக்கொண்டார்கள்.

கம்மல் கிணுகிணுத்தது. சொல் தங்கிவிட்டது! உடனே அடுத்த சொல்லையும் காதில் சொன்னது.

“நாளைக்கு ‘பாண்டமோனியம்’!” என்று குதித்தாள் யாழிசை. “வீடே அல்லோலகல்லோலப்படணுமாம்!”

அக்காவும் தங்கையும் ஒன்றாக ஓடிப்போய்க் கண்ணாடிச் சாமானையெல்லாம் பரணில் ஏற்றினார்கள்.