பழைய பிசுக்கு

"தடயம் ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது தம்பி. எல்லாத்தையும் துடைச்சு எடுத்துடணும்" என்றார் வாத்தியார், லிஃப்ட் கதவை முதுகால் மறித்துக்கொண்டு.

சிம்னிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுப்படிச் சிம்னியைச் சுத்தம் செய்ய வந்தவரிடம் கொலைகாரன் மாதிரி பேசினால் யாருக்குத்தான் பகீரென்று இருக்காது? தோளிலிருந்த பையை மெல்லக் கீழே இறக்கினார்.

"என்ன சார் ஆச்சு?"

"பொரிச்சுட்டேன்."

ரிடையரான வாத்தியார், ஆறு மாதம் முன்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர். பிழைத்து வந்ததே பெரிய விஷயம். பொரித்த எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொன்னதும், பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "உங்களுக்கு இல்லாத எண்ணெய் எனக்கும் வேண்டாம்" என்று அங்கேயே சபதம் போட்டுவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் இருவருக்கும் வேகவைத்ததுதான்.

"வாரத்துக்கு ஒரு நாள் தம்பி. வியாழக்கிழமை அவ லைப்ரரிக்குப் போற நேரத்துல ஒரே ஒரு உருளைக்கிழங்கு. அதுக்கு மேல நான் எதையும் தொட்டதில்ல."

"அதுக்கா சார் இவ்வளவு பயம்?"

"அடுத்த சர்வீசுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு. இப்பவே உங்களைக் கூப்பிட்டிருக்கான்னா, அவளுக்குச் சந்தேகம் வந்துடுச்சுன்னுதானே அர்த்தம்? நீங்க வர்றீங்கன்னுதான் மத்தியானத் தூக்கத்தையே விட்டுட்டு இங்க வந்து நிக்கிறேன். மாட்டினா, மகள் வீட்டுல கொண்டுபோய் விட்டுடுவேன்னு சொல்லியிருக்கா." வாத்தியார் சிம்னிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நாப்பது வருஷத்துல அவளை விட்டு நாலு நாள் இருந்ததில்ல தம்பி. பழைய பிசுக்குன்னு சொல்லிடுங்க, போதும்."

சிம்னிக்காரர் பிடிகொடுக்கவில்லை. தொழிலுக்கு வந்த பதினைந்து வருடத்தில் அவர் எதில் வளைந்துகொடுத்தாலும் பிசுக்கு விஷயத்தில் மட்டும் பொய் சொன்னதில்லை.

அடுப்படியில் வாத்தியாரம்மா இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தார்.

"ஆறு மாசமா இந்த அடுப்புல எண்ணெய்ச் சட்டியே ஏறினதில்ல" என்று கூடம் வரை கேட்கும்படி சொன்னார். "இருந்தாலும் ஒரு சுத்தம் வேணும்ல?"

ஃபில்டரைக் கழற்றிய சிம்னிக்காரர், அப்படியே நின்றுவிட்டார். அடியிலிருந்த எண்ணெய்க் கப் தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது. பழைய பிசுக்கென்றால் தார் போலக் கறுத்து இறுகிக் கிடக்கும். இதுவோ தேன் மாதிரி வழிந்தது. உள்ளே ஃபேன் இறக்கைகளில் விரல் தடிமனுக்கு அப்பியிருந்தது. போதாக்குறைக்கு மீன் வாசனை வேறு.

ஒரே ஒரு உருளைக்கிழங்காம்! சிம்னிக்காரர் திரும்பி முறைத்தார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வாத்தியார், வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி நின்றிருந்தார்.

"பழசுதானே தம்பி?" என்று வாத்தியாரம்மா முந்திக்கொண்டார்.

உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகள் கூப்பியபடி எழுந்தன.

"பழசுதாம்மா" என்றார் சிம்னிக்காரர். "போன தடவை நான்தான் சரியாத் தேய்க்காம விட்டுட்டேன்."

பதினைந்து வருடத்து மானம் அந்தக் கப்பிலேயே முங்கிப் போனது. "அதனால என்ன, பரவாயில்ல விடுங்க" என்று வாத்தியாரம்மா பெருந்தன்மையாகச் சொன்னார்.

ஃபில்டரையும் இறக்கைகளையும் கொதிக்கிற தண்ணீரில் சலவை சோடா போட்டு ஊறவைத்துவிட்டு, சிம்னிக்காரர் வாத்தியாரைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"நீங்க சொல்ற கணக்கு வேற, கப் சொல்ற கணக்கு வேற சார். அது தினம் தினம் பொரிச்ச எண்ணெய்."

"சத்தியமா வியாழக்கிழமை மட்டும்தான் தம்பி!"

"இந்தச் சத்தியமெல்லாம் என்கிட்ட வேணாம். உங்க நெஞ்சைப் பத்தி உங்களுக்குக் கவலை இல்லேன்னாலும், அந்தம்மாவை நினைச்சுப் பாருங்க. உங்களுக்காக வாயைக் கட்டிக்கிட்டு இருக்காங்க."

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அதுதான் தம்பி என்னை அறுக்குது. ஒவ்வொரு துண்டும் தொண்டையிலயே நிக்குது. இனிமே சட்டியைத் தொட மாட்டேன்."

மனிதர் நிஜமாகவே உடைந்துபோயிருந்தார். சிம்னிக்காரருக்கே பாவமாகிவிட்டது. அடுத்த சர்வீசில் கப் காலியாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, இறக்கைகளைத் தேய்க்கப் போனார். ஒரு மணி நேரம் தேய்த்து, துடைத்து, மாட்டி, ஸ்விட்சைப் போட்டதும் ஃபேன் புதிதாக வாங்கியது போல் சுற்றியது.

வழியனுப்ப லிஃப்ட் வரைக்கும் வாத்தியாரம்மாவே வந்தார். சிம்னிக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

"சாருக்காக நீங்களும் எல்லாத்தையும் விட்டுட்டு இருக்கீங்க. இந்த மனசு யாருக்கும்மா வரும்?"

வாத்தியாரம்மா திரும்பி, வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அவருக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டார் தம்பி... மீன் வாசனை சுத்தமாப் போயிடுச்சுல்ல?"