கடைசி ஆப்பு

மேடையில் பேசும் கப்பல் பட்டறை முதலாளி, தன் தாத்தா கட்டிய சரக்குக் கப்பலில் தொடங்கி இப்போதுதான் அப்பா கட்டியவற்றுக்கு வந்திருக்கிறார். மூன்று தலைமுறையாகியும், புதுக் கப்பலைக் கடலில் இறக்க ஓர் ஆள் அதன் அடியில் புகுந்து, அதைத் தடுத்து நிறுத்தும் கடைசி ஆப்பைச் சம்மட்டியால் தட்டி எடுத்துவிட்டு ஓடிவர வேண்டியிருக்கிறது. இன்று புகுந்திருப்பவர் என் பக்கத்து வீட்டுக்காரர். ஒரு வாரமாக அவரோடு பேசாத அவர் மனைவி, தூக்குவாளியோடு என்னருகில் நிற்கிறாள்.

"அவரோட பேச்சே இல்லேன்னியே?" என்கிறேன்.

"கப்பல் பாக்க வந்தேன்க்கா."

கப்பலை அவள் பார்க்கவேயில்லை. முதலாளி ஒருவழியாகக் கையசைக்கிறார். அடியில் சம்மட்டிச் சத்தம் கேட்டு நிற்கிறது. இரும்பு மலை முனகி, நகர்ந்து, தண்ணீரில் பாய்கிறது. ஊரே கைதட்டுகிறது. அவள் புழுதி மூடிய சரிவையே பார்க்கிறாள். வாளியோடு இரண்டடி முன்னால் போகிறாள். புழுதிக்குள்ளிருந்து இருமிக்கொண்டே அவர் வருகிறார்.

"சாப்பாடு ஆறுது, வந்து தொலைங்க," என்கிறாள்.