உப்புச் சாலை

யார்க்‌ஷர் சாலைகளில் குளிர்காலப் பனி உருக உப்புத் தூவும் முன்பே ஆர்னால்ட் தன் பழைய மாரிஸ் காரின் சக்கரங்களைக் கழற்றி, அதைக் கட்டைகள் மேல் நிறுத்திவிடுவார். உப்பு இரும்பைத் தின்றுவிடும். இந்த முறையும் நிறுத்தினார், நவம்பரில் இறந்துபோனார்.

ஜனவரியில் காரை விற்கலாம் என்று அவர் மனைவி ஐரிஸ் முடிவுசெய்தாள். பக்கத்து வீட்டு நோர்மன் அடியில் படுத்துப் பார்த்தார்.

“அடியெல்லாம் ஈர உப்பு. யாரும்மா ஓட்டினது?”

“சக்கரம் நாலும் என் கட்டிலுக்கடியில கெடக்கு. நான் என்ன, தலையில தூக்கிட்டா ஓடினேன்?”

நோர்மன் சிரிக்கவில்லை. பானெட்டைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார். சூடாக இருந்தது.

ஐரிஸும் தொட்டாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

“கார வாங்க வர்றவர வரவேண்டாம்னு சொல்லிடு நோர்மன்.”

அவர் போனதும் வாளியில் வெந்நீர் கொண்டுவந்தாள்.

“முப்பது வருஷமா பனியில கடைக்குக்கூட எடுக்க விடலியே, மனுஷா! இப்ப மட்டும் துருப்பிடிக்காதா?”

திட்டிக்கொண்டே கழுவினாள். அடுத்த ஞாயிறும் கழுவ வேண்டியிருந்தது.