மருந்துச்சுவருக்கு இந்தப்பக்கம்

எட்டு வருஷமாக நானும் நகரத்துப் பக்கத் தண்ணீரை மட்டும்தானே சோதனைக்கு மொண்டு கொடுத்தேன் என்று தன்மேலேயே எரிச்சல்பட்டாள் நீர்ச்சோதனை ஊழியர் கோகிலவாணி. அவள் தெருப் பக்கத்துச் சாயப்பட்டறைக் கழிவு நகரத்துக்குள் ஊறாமல் வடிகட்ட, தெருவுக்கும் நகரத்துக்கும் நடுவே மண்ணுக்கடியில், நீரை விட்டு விஷத்தைப் பிடித்துக்கொள்ளும் மருந்துச்சுவர் புதைத்திருந்தார்கள். விஷம் மருந்தோடு சேர்ந்து கல்லாக இறுகி, சுவரின் துளைகளை அடைத்துவிட்டது. நகரத்துக் கிணறுகள் தெளிந்தே இருந்தன. தாண்ட முடியாத கழிவோ இந்தப் பக்கக் கிணறுகளில் ஏறியது. அந்தத் தண்ணீரில் குளித்த அவள் மகளின் உடம்பெல்லாம் கொப்புளம்.

வீட்டு வாசலில் நின்ற மேற்பார்வையாளர் சென்னியப்பன் சிரித்தார். “என்ன அம்மணி ரோசனை? வழக்கம்போல அந்தப்பக்கம் ஒரு பாட்டில் மொண்டாந்துருங்க. சுவரு சுத்தம்னு சீட்டு ஒட்டிரலாம்.”

“உங்க ஊட்டுக் கெணறு எந்தப்பக்கமுங்க?”

“அதெதுக்கு இப்ப?”

கத்தினால் பொம்பளைக் கோபம் என்று ஒதுக்கிவிடுவார். அவள் தன் கிணற்றில் வாளியை இறக்கி, சாயம் கலந்த செந்நீரைச் சோதனைப் பாட்டிலில் ஊற்றி, அதன் சீட்டில் தன் தெருப்பெயரை எழுதினாள்.