வண்டி ஓடாத நேரம்

பாலத்தின் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த பிரேமா மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

எதிரே தரையில் வைத்திருந்த அதிர்வுமானி அவ்வளவு ரோஷக்காரி. பக்கத்தில் ஆள் நடந்தாலே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் கரிசல் காட்டில் பூமி குலுங்கி யார் பார்த்தது? ஆனாலும் குலுங்கிவிட்டால்? கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போகச் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் இந்த ஓடைப்பாலம்தான் கதி. ஊரே இடிந்து விழுந்தாலும், அடிபட்டவர்களை ஏற்றிய வண்டி நிற்காமல் இதைக் கடந்தாக வேண்டும். கடக்குமா என்று சொல்லத்தான் பொறியாளர் பிரேமா சென்னையிலிருந்து வந்திருக்கிறாள்.

அதற்கு, வண்டி ஓடாத நேரத்தில் பாலம் தானாக எப்படி அதிர்கிறது என்று பதிவு செய்ய வேண்டும். நேற்றே முடிந்திருக்கும். பாலத்து முனையில் தடுப்புப் போட்டு நின்ற கூலியாள் சுடலைராஜ், மேய்ச்சலுக்குப் போன ஒரு மந்தையைப் பாவம் பார்த்து விட்டுவிட்டான். அத்தனை ஆடும் தடதடவென்று ஓடியதில் பதிவு பாழ். பிரேமா அவனை எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலைக்கே வர வேண்டாம் என்றாள்.

இன்று பாதிப் பதிவில் போன் வந்தது.

"மேடம், எப்போதும்வென்றான் ஊரு ஆட்டுக்காரங்க லோடு ஆட்டோ ஒண்ணு வந்து நிக்குது. அவசரமாப் போணும்ங்காவ..."

"இன்னைக்கும் ஆடா? சந்தை எங்கேயும் ஓடிப்போயிடாது. நிக்கச் சொல்லு!"

போனை அணைத்தே வைத்துவிட்டாள். இன்னொரு தடவை அது அதிர்ந்தால் பதிவு கெட்டுவிடும்.

சற்றுப் பொறுத்துத் தலைநிமிர்ந்தால், முனையில் சுடலைராஜ் தன் சிவப்புத் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டிருந்தான். பாலத்தில் கால் வைக்க அவனுக்குப் பயம். இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்கிறான் போல. பிரேமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாள்.

துண்டு மெல்ல இறங்கியது.

பதிவு முடிந்தபோது திரையில் கோடு பிசிறில்லாமல் இருந்தது. இவ்வளவு சுத்தமாக எந்தப் பாலத்திலும் அவளுக்குக் கிடைத்ததில்லை. பாலம் தாங்கும். சந்தோஷமாக எழுந்து, விடலாம் என்று கையசைத்தாள்.

சுடலைராஜ் தடுப்பை இழுத்து ஓரமாக வைத்தான்.

முதல் ஆளாக நின்ற லோடு ஆட்டோ பாலத்தில் ஏறவில்லை.

பின்னுக்குப் போய், வளைந்து, வந்த வழியே ஊரைப் பார்த்துத் திரும்பியது. இப்போது அதற்கு ஒரு அவசரமும் இல்லை.

திரும்பும்போது அதன் பின்பக்கம் தெரிந்தது. ஆடு ஒன்றுகூட இல்லை. ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு ஆள் கிடந்தார்.

அவர் முகத்தை மூடிக் கிடந்தது சுடலைராஜின் சிவப்புத் துண்டு.