கியர் பொக்ஸ் போயிட்டுது

இந்தக் கதையில் நீங்கள் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. அவசரப்படாதீர்கள். ஹிஷாம் இன்னும் குரலைச் சரிசெய்து முடிக்கவில்லை.

“இஞ்சப் பாருங்க முதலாளி…” என்றான் மூக்கால்.

அவனுக்கு மூத்த ராத்தா றஸ்னா வாயைப் பொத்திக்கொண்டாள். “அல்லாஹ்! மெக்கானிக் குணம் அண்ணன் நேர வந்து நிக்கிற மாதிரியே இரிக்குடா!”

பதினேழு வயது ஹிஷாமுக்கு வராத குரல் கல்முனையில் இல்லை. மீன் வியாபாரி, பஸ் கொண்டக்டர், கணக்கு சேர் எல்லாரும் அவன் தொண்டையில்தான் குடியிருந்தார்கள். இன்றைக்குக் குணத்தின் முறை. காரணம், வாப்பாவின் கார்.

ஹிஷாமைவிடப் பன்னிரண்டு வயது மூத்த கார் அது. மாதத்தில் இரண்டு நாள் பாண்டிருப்பில் குணத்தின் கராஜில்தான் கிடக்கும். ரேடியேட்டராம், கிளட்சாம், பம்பாம். ஒவ்வொரு முறையும் முப்பதாயிரம். இன்று காலையும் அங்கே விட்டுவிட்டுத்தான் வாப்பா பசாரில் இருக்கிற தன் புடவைக்கடைக்குப் போனார்.

றஸ்னாவுக்குக் கலியாணம் பேசி ஒரு வருசம். பெண்ணுக்கு வீடு முடிந்தால்தான் மாப்பிள்ளை வந்து குடியேறலாம். சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை. மாப்பிள்ளையின் உம்மா இரண்டு தடவை நாள் கேட்டு வந்து, நிமிர்ந்து வானத்தைப் பார்த்துவிட்டுப் போனா.

“கூரைச் சல்லிய அந்தத் தகரத்துக்குத்தானே கொட்டுறாரு, புள்ளையவிட அதுவா பெரிசு?” என்று நேற்று உம்மா அழுதா.

அதனால்தான் இந்த விளையாட்டு. குணத்தின் குரலில் ‘இனிச் சரிவராது, வித்திருங்க’ என்று சொன்னால் வாப்பா கேட்பார். குணம் சொன்னால் மட்டும்தான் கேட்பார்.

றஸ்னா தன் கூட்டாளி அப்னாவின் போனை இரவல் வாங்கி வந்திருந்தாள். சத்தத்தைக் கூட்டி நடுவில் வைத்தார்கள்.

“ஹலோ முதலாளி, குணம் கதைக்கிறன். என்ட போன் செத்துட்டுது, இது வேற நம்பர்.”

“சொல்லு குணம்.”

“மனசத் திடப்படுத்திக்கங்க முதலாளி. உங்கட கார் மவுத்தாப் போயிட்டுது.”

றஸ்னா தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள்.

“என்னடாப்பா, பேய்க்கதை கதைக்காய்?”

“மெய்தான் முதலாளி. கியர் பொக்ஸ் போயிட்டுது. எஞ்சினும் பின்னால போகப் பாக்குது. வந்த விலைக்கு வித்திருங்க. புள்ளட ஊட்டுக்குக் கூரையாவது போடலாம்.”

சிரிக்கிற இடம் இதற்கு அடுத்ததுதான். வாப்பா பதறுவார், தலையில் கைவைப்பார், காரை விற்கச் சம்மதிப்பார். பிறகு பாருங்கள் கூத்தை.

வாப்பா பதறவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

“உன்ட மனசு எனக்கு விளங்குது குணம். றஸ்னாட கூரைய நினைச்சித்தான் சொல்றாய். ஆனா கார வித்தா, மறுகா எதச் சாட்டுச் சொல்லி நான் ஊட்டுல சல்லி எடுக்கிற?”

ஹிஷாம் றஸ்னாவைப் பார்த்தான். றஸ்னா தலையணையிலிருந்து நிமிர்ந்தாள்.

“கியர் பொக்ஸ் எண்டது நல்ல சாட்டுத்தான். இந்த மாசம் அதையே சொல்லிர்றன். பின்னேரம் வந்து முப்பதையும் தாறன், அழகரெத்தினத்தாரிட்ட வழமை போலக் குடுத்திரு. நான் போனா வாங்க மாட்டாரு. உன்ட ஊர் மனிசன், நீ குடுத்தா வாங்குவாரு.”

“ம்…” என்றான் ஹிஷாம். அது யாருடைய குரலும் இல்லை.

“இடுப்பெலும்பு லேசில பொருந்துமா? வயலுக்குப் போய் உழைச்ச மனிசன். ஒரு வார்த்த பொலிசுக்குப் போனாரா? ‘படிக்கிற பொடியன், விடுங்க’ எண்டாரே. ஹிஷாம் எனக்குச் சொன்னது என்ன தெரியுமா? கார் லைட்ட மாடு முட்டி உடைச்சிதாம். நானும் நம்பின மாதிரி இருந்துட்டன்.”

மாடு இல்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. வாப்பா ஜும்ஆவுக்குப் போன நேரம், ஹிஷாம் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு காரில் ஒரு சுற்றுப் போனான். பாண்டிருப்பு வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. புல்லுக்கட்டோடு போன ஒரு சைக்கிளில் இடித்தது. விழுந்தவர் சைக்கிளைப் பிடித்து மெல்ல எழும்பி, “ஒண்டுமில்ல தம்பி, போ,” என்றார். அவர் விழுந்த விதத்தையும் போட்ட சத்தத்தையும் நடித்துக் காட்டி, ஒரு கிழமை கூட்டாளிமாரைச் சிரிக்க வைத்திருந்தான்.

“அவனுக்கு மட்டும் இது தெரியப்படாது குணம். சிரிச்சிக்கிட்டுத் திரியிற புள்ள. இதக் கேட்டா அதோட அடங்கிருவான். றஸ்னாட கூர ஆறு மாசம் பிந்தினா அல்லா பொறுப்பான்.”

றஸ்னாவின் கண்கள் நிறைந்திருந்தன. ஆனால் அவள் தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, இப்ப எப்பிடி அவரு? எழும்பி நடக்காரா?”

ஹிஷாம் வாயைத் திறந்தான். குணம் வரவில்லை. எவரும் வரவில்லை.

“குணம்? கேக்குதா? அவரு நடக்காரா எண்டு கேட்டன்.”

“தெரியா வாப்பா.”

அந்தப் பக்கம் கடையில் யாரோ சேலை விலை கேட்டார்கள். திரும்பவும் கேட்டார்கள்.

“மகன்…” என்றார் வாப்பா. “போன வெச்சிராத.”